நோய்க்காவி மருந்துக்காவி ஆன வரலாறு

காவுதல் என்பது யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வழங்கும் நல்ல தமிழ்ச் சொல்லாகும். சுமத்தல் என்பது அதன் பொருள். நெல்மூடையைக் காவுகின்றோம், தண்ணீர்க் குடத்தைக் காவுகின்றோம், முருகன் கோயிலுக்குச் செல்வோர் தோளிற் கொள்ளுங் காவடியும் இச்சொல்லோடு உறவுடையதே. ஈழத்திலே விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முற்பட்ட அறிஞர், நோயை ஓருயிரிலிருந்து மற்றோருயிருக்குச் சுமந்து செல்லும் பொருளுக்குக் காவி என்று பெயரிட்டனர். நுளம்பு மலேரியாவின் காவி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

காவி நோயையே சுமத்தல் வேண்டுமா? சுமையை இறக்கிவிட்டு அதன் தோளில் மருந்தை ஏற்றினால் என்ன? இவ்வினாவை எழுப்பிய விஞ்ஞானிகள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு விடை தேடி வருகின்றனர். வைரசு என்னும் நுண்ணுயிரை மருந்து சுமக்குங் காவியாக்கி, அதனைச் சுண்டெலியின் ஈரலிலே சோதித்து, பின்னர் மனிதர்க்குப் பயன்படுத்திய வரலாறு அவ்விடையின் ஒரு பகுதியாகும். அதனை எளிய முறையில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கும் வைரசுக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவக்கூடும். மானிப்பாயில் வாழ்வோர் அவ்வாறு வினவுதல் பொருந்தாது. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, இவ்வூரிலே மருத்துவப் பணி புரிந்து, நம் நாட்டு இளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழுக்குக் கிடைத்தவை. சமயத்தால் அவர் வேறுபட்டவர். எனினும் தம் உடலைப் பற்றிய அறிவை மக்கள் தம் மொழியிற் பெறுதல் வேண்டும் என்ற அவர் கொள்கை நமக்கும் உடன்பாடானதே. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இவ்வூரில் நிற்க, அவர் தொடங்கிய சொல்லாக்கப் பணியை நாம் கைவிடுதல் அழகன்று.

குருதி உறையாத நோய்

காயம் பட்டவிடத்துக் குருதி சிறிது நேரம் வடிந்து பின்னர் உறைந்து நிற்றலை யாவரும் கண்டிருப்பர். இவ்வுறைதல் ஒரே செயலன்று. பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி நிகழ்த்துந் தொடர்ச் செயலாகும். இவற்றை உறைதற் காரணிகள் என்பர். அவற்றுள் எட்டாவது காரணி குறைந்தால் ஈமோபீலியா ஏ என்னும் நோயும், ஒன்பதாவது குறைந்தால் ஈமோபீலியா பீ என்னும் நோயும் உண்டாகும். பிறக்கும் ஆண்மக்களில் ஏறத்தாழ ஐயாயிரவர்க்கு ஒருவர் முதல்வகை நோயினர். இரண்டாம் வகை இன்னும் அரிது.

இந்நோயுடைய பிள்ளைக்கு வெளிக்காயத்தினும் உட்காயமே கொடியது. நோய் கடுமையாக உள்ளவிடத்து, அடிபடாமலே முழங்காலிலும் முழங்கையிலுங் குருதி கசியும். மூட்டு வீங்கும், நாளடைவில் அது மடங்காத மூட்டாகிவிடும். தலைக்குள்ளே கசிந்தால் உயிருக்கே இடையூறு. இத்தகைய மாணவனொருவனை நாமுங் கற்பித்திருக்கின்றோம். தேர்த்திருவிழாவில் வடம்பிடிக்க முடியாமல் வீதியோரத்து நிற்பான்; மாதத்திற் சில நாள் பள்ளிக்கு வாரான். சோம்பேறி என்று அவனைச் சிலர் எண்ணினர். அவன் மூட்டுக்குள் நிகழ்ந்ததை அவர்கள் அறிந்திலர்.

இக்காரணிகளை உண்டாக்கும் கட்டளை நம் உடற்கலங்களின் கருவினுள்ளே நிறமூர்த்தங்களில் எழுதப்பட்டுள்ளது. அக்கட்டளைத் துண்டைப் பரம்பரையலகு என்றும் மரபணு என்றும் வழங்குவர். எட்டாம், ஒன்பதாம் காரணிகளின் மரபணுக்கள் எக்ஸ் என்னும் நிறமூர்த்தத்தில் உள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஆதலின் தாயின் ஓர் எக்சிலே பிழை இருப்பினும் மற்றையது பெரும்பாலும் அவளைக் காக்கும். அவள் பெறும் மகன் ஒவ்வொருவனுக்கும் அப்பிழை செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் வழியிலே ஐரோப்பிய அரச குடும்பங்கள் பலவற்றுள் இந்நோய் புகுந்தது. உருசிய அரசரின் மகன் அலெக்சிக்கு இருந்தது ஈமோபீலியா பீ என்பதை 2009 ஆம் ஆண்டில் எலும்புகளின் டீ.என்.ஏ. ஆய்வினால் உறுதிசெய்தனர்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும. இந்நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவர்க்கும் இந்நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாகத் தோன்றும் மாற்றமே காரணமாகும். பரம்பரையாக வந்தவிடத்தும் தாய் அதனை வேண்டிப் பெற்றாளல்லள். தன்னிடம் இருப்பதைப் பெரும்பாலும் அறிந்தாளுமல்லள். நம் இல்லங்கள் சிலவற்றில் மருமகள் கொண்டுவந்த குறையென்றும், முற்பிறப்பின் தீவினை என்றும் பேசப்படுங் கொடுஞ்சொற்களுக்கு இவ்வறிவே மருந்து.

ஈரலைத் தேடியது ஏன்?

நோய்க்குக் காரணம் ஒரு மரபணுவின் பிழையாயின், பிழையற்ற மரபணு ஒன்றை உடலுக்குள் அனுப்பினால் நோய் தீருமன்றோ? மரபணு மருத்துவத்தின் அடிப்படை எண்ணம் இதுவே. ஒன்பதாங் காரணியின் மரபணு 1982 ஆம் ஆண்டிலும், எட்டாங் காரணியினது 1984 ஆம் ஆண்டிலும் பிரித்தெடுக்கப்பட்டன. அனுப்பவேண்டிய கடிதம் கையில் வந்துவிட்டது. எவ்விலாசத்துக்கு அனுப்புவது, எவர் மூலம் அனுப்புவது என்பனவே எஞ்சிய வினாக்கள்.

விலாசம் ஈரல் ஆயிற்று. காரணம் மூன்று. முதலாவது, ஒன்பதாங் காரணியை இயற்கையாக ஆக்குவன ஈரற் கலங்களே. எட்டாங் காரணியும் பெரும்பாலும் ஈரலின் குருதிக்குழாய்ச் சுவர்க்கலங்களில் உண்டாகின்றது. இரண்டாவது, ஈரலின் நுண்குழாய்ச் சுவர் அரிதட்டுப் போல நுண்டுளைகள் உடையது. சிறிய பொருள்கள் அத்துளை வழியே ஈரற் கலங்களை எளிதில் அடையும். மூன்றாவது, ஈரல் ஆக்கும் புரதம் நேரே குருதியிற் கலக்கும். உடலின் பெரிய தொழிற்சாலையும் அதன் பண்டகசாலையும் ஓரிடத்தே அமைந்தாற்போல இது வசதியாயிற்று.

தூதனாக அமைந்தது வைரசு. வைரசு தானாக வாழவியலாதது. ஒரு புரத உறையும் அதனுள்ளே கட்டளை எழுதிய ஓரிழையுமே அதன் உடைமை. பிற உயிரின் கலத்துட் புகுந்து, தன் கட்டளையை அங்கே நிறைவேற்றச் செய்து பெருகுவதே அதன் தொழில். கலத்தின் வாயிலைத் திறக்கும் வித்தையை அது நன்கறியும். அதன் கட்டளையை அகற்றிவிட்டு நாம் வேண்டும் மரபணுவை உறையினுள் வைத்தால், அது பெருகமாட்டாது. ஆனால் வாயிலைத் திறந்து உள்ளே சென்று நம் கட்டளையைச் சேர்ப்பிக்கும். இதுவே வைரசுக் காவி. இலங்கையில் 2021 ஆம் ஆண்டு சனவரியில் முதலில் இடப்பட்ட கொவிசீல்ட் தடுப்பூசியும் இவ்வினத்ததே. மனிதக் குரங்கினத்தின் அடினோவைரசு ஒன்று அதிலே காவியாக அமைந்தது.

ஈரல் ஆய்வாளர் பெரிதும் விரும்பியது மற்றொரு சிறு வைரசை. 1965 ஆம் ஆண்டில் அடினோவைரசை ஆராய்ந்தோர் அதனோடு கலந்திருந்த மிகச் சிறு துணிக்கைகளைக் கண்டனர். அடினோவைரசு போன்ற மற்றொன்றின் துணையின்றி இது பெருகாது. ஆதலின் இதனை அடினோசார் வைரசு என்போம். இதனால் மனிதர்க்கு நோய் உண்டாவதாக அறியப்படவில்லை. ஒரு மில்லிமீற்றரை நாற்பதினாயிரங் கூறு செய்தால் ஒரு கூறே இதன் குறுக்களவு. இதன் குறை, சுமக்கும் ஆற்றல் சிறிது என்பதே. டீ.என்.ஏ. எழுத்துக்கள் ஏறத்தாழ 4,700 மட்டுமே இதனுள் அடங்கும். ஒன்பதாங் காரணியின் கட்டளை 1,400 எழுத்தளவினது; எளிதில் அடங்கும். எட்டாங் காரணியினதோ 7,000 எழுத்தளவினது; அதனை வெட்டிச் சுருக்கியே ஏற்றுதல் வேண்டும். ஆகவே ஒன்பதாங் காரணியே முந்திக்கொண்டது.

சுண்டெலி கற்பித்த பாடம்

புதிய மருந்தை எடுத்த எடுப்பில் மனிதர்க்கு இடுதல் முறையன்று. சுண்டெலியின் நிறை இருபது, இருபத்தைந்து கிராம். கருக்கொண்டு ஏறத்தாழ இருபது நாளில் குட்டி ஈனும். அதன் மரபணுக்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒத்தவை மனிதரிடத்தும் உண்டு. ஒரு குறித்த மரபணுவைச் செயலிழக்கச் செய்து, மனித நோயையே எலியில் உண்டாக்கவும் இயலும். அவ்வாறு ஒன்பதாங் காரணி இல்லாத சுண்டெலிகளை 1997 ஆம் ஆண்டளவில் உருவாக்கினர். காவியைக் குருதிக்குழாயிற் செலுத்தியபோது அவற்றின் ஈரல் அக்காரணியை ஆக்கத் தொடங்கிற்று, குருதியும் உறைந்தது.

எலியில் வென்றது மனிதரிலும் வெல்லும் என எண்ணியோர்க்குக் கடுமையான பாடங்கள் காத்திருந்தன. 1999 ஆம் ஆண்டு செத்தெம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனையில் ஜெசி ஜெல்சிங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞன் உயிர் துறந்தான். அவன் நோய் ஈமோபீலியா அன்று. ஈரலின் நொதியம் ஒன்றின் குறைபாடு. அவன் ஈரலுக்குச் செலுத்தப்பட்டது அடினோவைரசுக் காவி. உடலின் காவற்படையாகிய நிர்ப்பீடனத் தொகுதி அதனைப் பகையெனக் கண்டு பொங்கியெழுந்தது. நான்கு நாளில் அவன் மறைந்தான். அதன்பின் மரபணு மருத்துவமே பல ஆண்டுகள் தளர்ந்து கிடந்தது.

இரண்டாவது பாடம் 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈமோபீலியா பீ உடையோர் சிலரின் ஈரலுக்கு அடினோசார் வைரசுக் காவியைச் செலுத்தினர். அளவு மிகுத்துப் பெற்றவரிடத்துக் காரணி நன்கு உயர்ந்தது; ஆனாற் சில கிழமைகளில் மறைந்தொழிந்தது. மனிதர் பலர் இவ்வைரசினத்தை வாழ்க்கையில் முன்னரே சந்தித்திருப்பர்; அவர் காவற்படை அதன் உறையை நினைவில் வைத்திருந்து, காவி புகுந்த ஈரற் கலங்களையே அழித்துவிட்டது. ஆய்வுகூடத்துத் தூய கூண்டில் வளர்ந்த சுண்டெலி அவ்வைரசை அறியாது. ஆதலின் அது இவ்வாபத்தை உணர்த்தவில்லை.

மூன்றாவது பாடம் சுண்டெலியிடமிருந்தே வந்தது. பிறந்தவுடன் இக்காவியைப் பெற்ற சுண்டெலிகள் சிலவற்றின் ஈரலிலே பிற்காலத்துப் புற்றுநோய் தோன்றியதையும், காவியின் இழை நிறமூர்த்தத்தின் ஒரு குறித்த இடத்தே செருகிக்கொண்டதே காரணம் என்பதையும் 2007 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இக்காவியின் இழை பெரும்பாலும் நிறமூர்த்தத்தோடு இணையாமல் தனித்தே கிடக்கும்; சிறுபான்மை இணைவதும் உண்டு. ஆகவே இம்மருந்து பெற்றோரைப் பல்லாண்டு கண்காணித்தல் கடமையாயிற்று.

தனித்துக் கிடத்தலால் விளையும் மற்றொரு குறையும் உண்டு. கலம் இரண்டாகப் பிரியும்போது தன் நிறமூர்த்தங்களைப் படியெடுத்துப் பங்கிடுகின்றது; தனித்துக் கிடக்கும் இழைக்குப் படியில்லை. சுண்டெலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தால் அது சில நாளில் மீள வளரும். அவ்வாறு வளர்ந்த ஈரலிலே காவி கொணர்ந்த கட்டளை பெரிதுங் குறைந்து போவதைக் கண்டனர். வளரும் பிள்ளையின் ஈரலிலும் இவ்வாறே நேரும். எனவே மருந்து மிக வேண்டிய குழந்தைக்கே அது நிலையாமற் போகக்கூடும்.

பாடங் கற்றோர் தளரவில்லை. அவ்விளைஞன் உயிரிழந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலேயே, குரங்குகளிலிருந்து பெற்ற எட்டாம் வகை அடினோசார் வைரசை 2002 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது சுண்டெலியின் ஈரலை மிக நன்றாக நாடிற்று. அதனைக் கொண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த அமித் நத்வானியும் அவர்தங் குழுவினரும் ஈமோபீலியா பீ நோயாளர் அறுவர்க்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2011 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூற்றுக்கு ஒன்றினுங் குறைவாக இருந்த காரணி, ஒரே முறை ஊசி ஏற்றியபின் நூற்றுக்கு இரண்டு முதல் பதினொன்று வரை உயர்ந்தது. ஈரல் தாக்கப்படும் அறிகுறி தோன்றியவிடத்துக் காவற்படையைத் தணிக்கும் மாத்திரை கொடுத்துக் காத்தனர். நூற்றுக்குப் பதினொன்று சிறிதன்றோ என எண்ணற்க. நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்கு உயர்ந்தாலே தானாகக் கசியும் குருதி பெரும்பாலும் நின்றுவிடும். பின்னர்ச் சேர்ந்தோரையுங் கூட்டிப் பதின்மரைப் பதின்மூன்று ஆண்டளவு தொடர்ந்து நோக்கியபோதும் அப்பயன் நீங்கவில்லை என்பது 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

சுண்டெலியின் ஈரலும் மனிதன் ஈரலும் முழுதும் ஒத்தனவல்ல. எலியின் ஈரலை விரைந்து நாடும் உறை மனித ஈரலை அவ்வளவு நாடுவதில்லை. மனித ஈரற் கலங்கள் வளரும் ஈரலையுடைய சுண்டெலிகளை 2007 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் உருவாக்கினர். ஒரே எலியில் இரு ஈரற் கலங்களும் அருகருகே இருத்தலால், எவ்வுறை எதனை நாடுகின்றது என்பதை நேரே ஒப்பிட இயல்வதாயிற்று.

பண்டத்தரிப்பும் வேலூரும்

இவ்வாய்வுகள் மேலைநாட்டார்க்கே உரியன என எண்ணுதல் தவறு. தமிழ்நாட்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இவை பல்லாண்டாக நிகழ்கின்றன. அக்கல்லூரிக்கும் நம் குடாநாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. மானிப்பாய்க்குச் சில மைல் தொலைவிலுள்ள பண்டத்தரிப்பிலே, 1819 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஜோன் ஸ்கடர் என்னும் மருத்துவர் பணியாற்றினார். 1836 ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்றார். அவர் பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர் 1900 ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை நிலையமே இன்று அப்பெருங் கல்லூரியாக விளங்குகின்றது.

அங்கே ஜெயந்தரன் கிரிதர ராவ் என்னும் அறிஞரும் அவர்தங் குழுவினரும் செய்த ஆய்வு நம் கட்டுரைப் பொருளுக்கு நேரே உரியது. காவி ஈரற் கலத்துட் புகுந்தபின் கருவை அடைதல் வேண்டும். வழியிலே கலத்தின் துப்புரவுத் தொழிலாளர் அதனை வேண்டாப் பொருளெனக் குறியிட்டு, கழிவுகளைச் சிதைக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுகின்றனர். காவிகளுட் பல இவ்வாறே அழியும். குறி இடப்படுவது காவியின் உறைமேலுள்ள சில அமினோவமிலங்களிலே. அவற்றை வேறு அமினோவமிலங்களாக மாற்றிவிட்டால் குறியிட இடமில்லை. அமெரிக்காவின் புளோரிடாவிலே அருண் சிறீவாஸ்தவா குழுவினர் தைரோசீன் என்னும் அமினோவமிலத்தை மாற்றி 2008 ஆம் ஆண்டில் இவ்வழியைக் காட்டினர். வேலூர்க் குழுவினர் செரீன், திரெயோனீன், இலைசீன் என்பவற்றை மாற்றிய உறைகளை ஆக்கி, சுண்டெலியின் ஈரலிலே சோதித்து, மரபணு முன்னையினும் மிகுதியாகச் செயற்படுவதை 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன் பயன் யாதெனின், மிகுதியாக அனுப்பி மிகுதியாக இழத்தல் ஒழியும். குறைந்த அளவு போதுமாகும். அளவு குறையின் காவற்படையின் சினமுங் குறையும், செலவுங் குறையும். ஜெயந்தரன் பின்னர்க் கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

வேலூரில் மற்றொரு குழு ஈரலைத் தவிர்த்தே செல்லும் வழியை நாடிற்று. அடினோசார் வைரசுக்குப் பிறபொருளெதிரி உடையோர்க்கும், ஈரல் நோய் உடையோர்க்கும், வளரும் குழந்தைகட்கும் ஈரல் வழி பொருந்தாது என்பதைக் கண்டோம். எட்டாங் காரணியின் கட்டளையை லென்ரி வைரசுக் காவியில் ஏற்றி, நோயாளரிடமிருந்து எடுத்த குருதி மூலக்கலங்களில் வெளியே வைத்துச் செலுத்தி, அக்கலங்களை அவருக்கே திரும்ப இடுதல் அவர்கள் முறை. லென்ரி வைரசின் கட்டளை நிறமூர்த்தத்தோடு இணைவதால் கலம் எத்துணை முறை பிரிந்தாலும் அது நீங்காது. அமெரிக்காவின் எமரிப் பல்கலைக்கழகத்தார் துணையோடு உருவாகி முதலிற் சுண்டெலியிற் சோதிக்கப்பட்ட இம்முறையை, பேராசிரியர் அலோக் சிறீவாஸ்தவாவின் தலைமையில் இருபத்திரண்டு முதல் நாற்பத்தொரு வயதுடைய ஐவர்க்குச் செய்தனர். முடிவு 2024 ஆம் ஆண்டு திசெம்பரில் வெளியாயிற்று. சிகிச்சைக்குப்பின் நோக்கிய காலத்தில் ஐவர்க்கும் குருதிக் கசிவு நிகழவில்லை.

இது துன்பமற்ற சிகிச்சையன்று. புதிய கலங்களுக்கு இடமளிக்கப் பழைய என்புமச்சையைக் கடும் மருந்தால் வெறுமையாக்குதல் வேண்டும். அக்காலத்து நோய்த்தொற்றின் அபாயம் மிகும். ஐவர் என்பது சிறு தொகை; சென்ற காலமுங் குறுகியது. எனினும் நம் மொழி வழங்கும் நாட்டிலே இது நிகழ்ந்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

எலியின் உயிரும் ஏழையின் பணமும்

சைவ மரபிலே கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு ஒரு தயக்கம் எழுதல் இயல்பே. மருதடிப் பிள்ளையாரின் வாகனம் எலியினமன்றோ? ஆண்டவனைச் சுமக்கும் சிற்றுயிர் மனிதன் நோயையுஞ் சுமக்கின்றது. அதன் துன்பத்தைக் காணாதார் போலக் கடந்து செல்லுதல் தகாது. 1959 ஆம் ஆண்டில் இரசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று விதிகளை வகுத்தனர். விலங்கின்றிச் செய்யக்கூடியதை விலங்கின்றியே செய்க. விலங்கு வேண்டுமாயின் தொகையைக் குறைக்க. அதன் துன்பத்தைத் தணிக்க என்பன அவை. இன்று நல்ல ஆய்வுகூடங்கள் இவற்றைத் தழுவுகின்றன. மனித ஈரற் கலங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துச் செய்யும் ஆய்வுகள் பெருகுகின்றன. ஆயினும் முழு உடலின் காவற்படை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தனிக் கலம் இன்னும் சொல்லமாட்டாது. ஒரு பிள்ளையின் மூட்டுக்கும் ஓர் எலியின் உயிருக்கும் இடையே தராசு பிடிப்போர், தட்டு இரண்டிலும் நிறை உண்டென்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மற்றொரு தராசும் உண்டு. ஈமோபீலியா பீ நோய்க்குரிய மரபணு மருந்தொன்றை அமெரிக்க அரசு 2022 ஆம் ஆண்டு நவம்பரில் அங்கீகரித்தபோது அதன் விலை முப்பத்தைந்து இலட்சம் டொலர் என அறிவிக்கப்பட்டது. நம்மூர்த் தோட்டக்காரரும் ஆசிரியரும் தலைமுறை பல உழைத்தாலும் அது கிட்டாது. இலவச மருத்துவமுடைய நாட்டின் திறைசேரியும் அதனை எளிதில் தாங்காது. மருந்து உண்டென அறிந்தும் பெறமுடியாத தாயின் துயரம், மருந்தே இல்லாத காலத்துத் தாயின் துயரத்தினும் சிறிதன்று. எனவேதான் வேலூரிலும் கான்பூரிலும் நடைபெறும் ஆய்வுகளை நாம் பெரிதாக மதிக்கின்றோம். குறைந்த அளவிற் செயற்படும் காவியும், நம் நாடுகளிலேயே செய்யக்கூடிய முறையும் கிடைத்தாலன்றி இவ்வறிவு செல்வர் வீட்டு விளக்காகவே நின்றுவிடும்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை உள. சிறு அடிக்கும் பெரிதாகக் கன்றிப்போகும் பிள்ளை, மூட்டு அடிக்கடி வீங்கும் பிள்ளை, பல் விழுந்தபின் குருதி நில்லாத பிள்ளை ஆகியோரைக் கண்டால் எண்ணெய் பூசித் தேய்க்காமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நோய் உறுதியானால் அஸ்பிரின் கொடுத்தலும் தசையில் ஊசி ஏற்றுதலும் மருத்துவர் அறிவுரையின்றிச் செய்யத்தகாதன. குறைந்த காரணியை ஊசிமூலம் ஏற்றும் சிகிச்சை இன்றும் உயிர்காக்கும் சிகிச்சையாகும். தாயின் சகோதரிமாரும் பெண்மக்களும் குருதிச் சோதனை செய்துகொள்ளுதல் நன்று. ஆசிரியராகிய நாமோ, அப்பிள்ளையை விளையாட்டிலிருந்து நீக்குவதோடு நின்றுவிடாமல், அவனுக்கு ஏற்ற நீச்சல் போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்து வழிகாட்டுதலும், அவன் இழந்த பாடத்தை மாலையிலே சொல்லிக்கொடுத்தலும் வேண்டும்.

இக்கல்லூரியிற் பயின்று உலகெங்கும் மருத்துவராயும் ஆய்வாளராயும் விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நீவிர் அங்கே அறிவனவற்றை ஆண்டுக்கு ஒரு கட்டுரையாயினும் தமிழில் எழுதி இங்கே அனுப்புக. சொல் கிடைக்கவில்லை எனத் தயங்கற்க. காவி என்னுஞ் சொல் நம் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கிடந்ததே. அதனை எடுத்து விஞ்ஞானத்தின் கையிற் கொடுத்தார் ஒருவர் இருந்தார். அறிவும் ஒரு சுமையே. காவுவார் இருந்தாற்றான் அது வேண்டியவர் வாயிலை அடையும்.